டெரிலீன் கண்ட வின்பீல்டு

திருப்பெரும்பூதூரை அடுத்த ஒரகடத்தில் மகிழுந்துகளுக்குரிய டயர்கள் உருவாகின்றன. அத்தகைய டயர்களின் இரப்பருக்குள் மறைந்து நின்று வலிமை தருவது பாலியெஸ்டர் நூல். அதனை முதன்முதல் ஆக்கியவர் ஜான் ரெக்ஸ் வின்பீல்டு என்னும் ஆங்கிலேயர்.

1901ஆம் ஆண்டு பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் வேதியியல் பயின்றார். இழையாராய்ச்சியில் கொண்ட வேட்கையால் ஓராண்டு ஊதியமின்றியே உழைத்தார்.

அமிலமும் ஆல்ககாலும் கூடுங்கால் நீர் பிரியும். எஞ்சியவை சங்கிலியாய் இணையும். அமெரிக்க அறிஞர் கரோதர்ஸ் இம்முறையில் ஆக்கிய இழைகள் சிறு வெப்பத்திற்கே இளகின. அவர் அவற்றை விடுத்து நைலானை நாடினார். பிறரெல்லாம் முடிந்தது என்று எண்ணிய அவ்விடத்தில் வின்பீல்டு தொடங்கினார். டெரிப்தாலிக் அமிலத்தில், பென்சீன் வளையத்தின் இருபுறமும் நேரெதிராக இரு கைகள் நீண்டிருக்கும். அச்சமச்சீர் வடிவம் சங்கிலிக்கு உறுதி தரும் என்பது அவர் துணிபு.

துணி அச்சிடும் நிறுவனமொன்றின் சிறிய ஆய்வுக்கூடத்தில், 1941ஆம் ஆண்டு, டிக்சன் என்பாருடன் அவ்வமிலத்தை எத்திலீன் கிளைக்காலோடு சேர்த்துக் காய்ச்சினார். கிடைத்ததோ நிறங்கெட்ட பிசின். ஆயினும் இழுக்க இழுக்க இழையாய் நீண்டது. ஏறத்தாழ 260 பாகை வெப்பம் வரை அது உருகவில்லை! போர்க்காலமாதலின் செய்தி மறைத்து வைக்கப்பட்டது.

பின்னர் டெரிலீன் உலகெங்கும் பரவிற்று; உடுத்தியோருள் அதனைக் கண்டவர் பெயரை அறிந்தோர் சிலரே. வின்பீல்டு 1966ஆம் ஆண்டு மறைந்தார்.