‘மாக் 4’ வேகம் என்கிறார்களே, யார் அந்த மாக்?

ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கி சுடும் கவசம் துளைக்கும் குண்டின் வேகம் மாக் 4-க்கும் மேல். அதாவது, ஒலியைவிட 4 மடங்குக்கும் அதிகம். இந்த ‘மாக்’ ஒரு மனிதரின் பெயர்.

எர்ன்ஸ்ட் மாக் 1838-ல் இன்றைய செக் குடியரசின் பர்னோ நகருக்கு அருகே பிறந்தார். வியன்னாவில் இயற்பியல் படித்தார். 1867-ல் பிராக் நகரில் பேராசிரியர் ஆனார்.

1870-71 பிரான்ஸ்-பிரஷ்யா போரில் சில குண்டுக் காயங்கள் பெரிய பள்ளம் போல இருந்தன. 1868-லேயே தடை செய்யப்பட்ட வெடிக்கும் தோட்டாவைப் பயன்படுத்தினார்கள் என்று குற்றச்சாட்டு கிளம்பியது. தோட்டா முன்னால் தள்ளிக்கொண்டு போகும் காற்றுதான் காரணம் என்றார் பெல்ஜிய விஞ்ஞானி மெல்சன்ஸ். 1881-ல் பாரிஸில் அதைக் கேட்ட மாக், அந்தக் காற்றைப் படம் பிடித்தே பார்த்துவிட முடிவு செய்தார்.

கண்ணுக்குத் தெரியாத காற்றை எப்படிப் படம் பிடிப்பது? சூடான தோசைக்கல்லுக்கு மேலே காட்சி நெளியும் இல்லையா, அதே தத்துவம்தான். காற்றின் அடர்த்தி மாறினால் ஒளி வளையும். இருட்டறையில் கேமராவைத் திறந்தே வைத்தார்கள். பாயும் தோட்டாவே மின்பொறியைத் தூண்டும். நொடியில் லட்சத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத அந்த வெளிச்சத்தில் படம் பதியும்.

பிராக்கில் நடந்த முதல் முயற்சியில் தோட்டா தெரிந்தது, அலை தெரியவில்லை. அந்தத் தோட்டா ஒலியைவிட மெதுவானது. மாக், பியூம் (இன்றைய குரோஷியாவின் ரியேகா) கடற்படை அகாடமி பேராசிரியர் பீட்டர் சால்கரின் உதவியை நாடினார். 1886-ல் வேகமான ராணுவத் துப்பாக்கியால் சுட்டுப் படம் எடுத்தார் சால்கர். படகின் முன்னால் நீர் பிளப்பதுபோல, தோட்டாவின் முனையில் கூம்பு வடிவ அலை!

வேகம் கூடக்கூட அந்தக் கூம்பு குறுகும். அதன் கோணத்தை அளந்தாலே வேகத்தைக் கணக்கிடலாம். போர்க்களத்தில் இரண்டு சத்தம் கேட்பதற்கும் விடை கிடைத்தது: ஒன்று துப்பாக்கி வாயிலிருந்து, இன்னொன்று இந்த அலையிலிருந்து.

1887-ல் இருவர் பெயரிலும் ஆய்வு வெளியானது. 1898-ல் பக்கவாதம் வந்து மாக்கின் வலது பக்கம் செயலிழந்தது. 1916-ல், 78-வது பிறந்தநாளுக்கு மறுநாள், இறந்தார்.

1929-ல் சுவிஸ் பொறியாளர் யாக்கப் ஆக்கெரெட், ஒலியோடு ஒப்பிடும் வேக எண்ணுக்கு மாக்கின் பெயரை வைத்தார். படத்தை எடுத்துக் கொடுத்த சால்கரின் பெயர் அதில் இல்லை.