குமாஸ்தா வேலை பார்த்த பந்து வீச்சுப் புலி

கிரிக்கெட் உலகில் எத்தனையோ பந்து வீச்சாளர்கள் வந்து போனார்கள். ஆனால் சிட்னி பார்ன்ஸைப் போல் கூலி விஷயத்தில் கறாராக நின்றவர் அபூர்வம். வீசுகிற பந்துக்கு உரிய காசு வந்தாக வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் திமிர் பிடித்தவர் என்று பெயர் வாங்கினார். வயிற்றுப்பாட்டுக்கு உழைக்கிறவனுக்கு அது திமிராகத் தெரியாது.

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டுஷயரைச் சேர்ந்த ஸ்மெத்விக்கில் 1873ல் பிறந்தவர் பார்ன்ஸ். இளமையில் லங்காஷயர் லீக்கில் சம்பளத்துக்கு ஆடினார். லீக் ஆட்டம் சனிக்கிழமையோடு சரி. மற்ற நாட்களில் வேறு வேலை பார்க்கலாம்.

1901ல் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட இங்கிலாந்து அணியின் காப்டன் மக்லாரன், வலைப் பயிற்சியில் இவருடைய பந்தைச் சந்தித்துத் திணறி, கையோடு அழைத்துப் போனார். முதல் டெஸ்டிலேயே ஓர் இன்னிங்ஸில் 65 ரன்னுக்கு 5 விக்கெட். இரண்டாவது டெஸ்டில் 13 விக்கெட். மூன்றாவதில் முழங்கால் காயம் படுக்க வைத்துவிட்டது.

அதன்பின் லங்காஷயர் கவுண்டி அணிக்கு இரண்டு பருவம் முழுநேரம் ஆடினார். கிரிக்கெட் இல்லாத குளிர்காலத்தில் சாப்பாட்டுக்கு என்ன வழி? அதற்கு ஒரு வேலை உறுதி கேட்டார். நிர்வாகம் இணங்கவில்லை. 1903 முடிந்ததும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார்.

போன இடம் சொந்த ஊரான ஸ்டாஃபோர்டுஷயர். அது மைனர் கவுண்டி. அதாவது முதல்தர வரிசையில் சேராத சிறிய மாவட்ட அணி. பகலில் நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம், ஓய்வில் லீக் ஆட்டம், இடையிடையே மைனர் கவுண்டி. இப்படிப்பட்டவரைத்தான் இங்கிலாந்து மீண்டும் மீண்டும் டெஸ்டுக்குக் கூப்பிட்டது! வேறு வழியும் இல்லை. அந்தப் பந்தை வீச இன்னொருவர் கிடையாது. நல்ல வேகத்தில் வந்து, தரையில் பட்டதும் லெக் பக்கத்திலிருந்து ஆஃப் பக்கம் திரும்பும். பந்தை விரல்களாலேயே முறுக்கினார்.

1911 டிசம்பரில் மெல்போர்ன் மைதானம். முந்திய டெஸ்டில் காப்டன் டக்ளஸ் புதுப் பந்தை இவருக்குத் தராமல் தாமே வீசினார்; ஆட்டமும் தோற்றது. இம்முறை பந்து பார்ன்ஸ் கைக்கு வந்தது. உடல் நலமில்லாத நிலையிலும் முதல் ஐந்து ஓவரில் ஒரே ரன் கொடுத்து பார்ட்ஸ்லி, கெல்லவே, ஹில், ஆர்ம்ஸ்ட்ராங் நால்வரையும் அனுப்பிவைத்தார். கூட்டம் கூச்சல் போட்டபோது பந்தைக் கீழே போட்டுவிட்டுக் கைகட்டி நின்றாராம்.

1913-14ல் தென்னாப்பிரிக்காவில் நான்கே டெஸ்டுகளில் 49 விக்கெட். ஒரு தொடரில் இதை இன்றுவரை எவரும் தாண்டவில்லை. ஜோகன்னஸ்பர்க் டெஸ்டில் மட்டும் 159 ரன்னுக்கு 17 விக்கெட். ஐந்தாவது டெஸ்டில் அவர் இல்லை. பணத் தகராறு, ஆட மறுத்துவிட்டார். நாற்பது வயதில் வந்து கதவைத் தட்டிய சாதனையையும் காசுக் கணக்கில் விட்டுவிட்டாரே என்று கிரிக்கெட் ரசிகர்களுக்குக் குறைதான். அவர் பிறகு டெஸ்ட் ஆடவேயில்லை. போரும் வந்துவிட்டது. மொத்தம் 27 டெஸ்ட், 189 விக்கெட், சராசரி 16.43.

ஆனால் பந்தை விடவில்லை. 1928ல், 55 வயதில், வேல்ஸ் அணிக்காக ஆடி, சுற்றுப்பயணம் வந்த மேற்கிந்தியரை ஓர் இன்னிங்ஸில் 51 ரன்னுக்கு 7 விக்கெட் என்று வீழ்த்தினார். ஸ்டாஃபோர்டுஷயருக்கு 1935 வரை ஆடிச் சேர்த்த விக்கெட்டுகள் 1,441, சராசரி 8.15!

கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மாவட்ட அலுவலகத்தில் சட்டப் பத்திரங்களை எழுதும் வேலையை முதுமையிலும் செய்துவந்தார். 1957ல் எலிசபெத் ராணி ஸ்டாஃபோர்டு நகருக்கு வந்தபோது வழங்கிய வரவேற்பு மடலும் அவர் கையால் எழுதியதே. 1967 டிசம்பர் 26ல், 94வது வயதில், சாட்ஸ்மூரில் காலமானார்.