அல்ஜிப்ரா தந்த அறிஞர் அல்-குவாரிஸ்மி

மங்கலம்பேட்டை போன்ற நம் ஊர்களில் உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளைகள் பலர், அல்ஜிப்ரா என்றதும் அஞ்சுகின்றனர். அப்பெயர் அல்-ஜப்ர் என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதை அவர்களுக்கு எடுத்துரைத்தீர்களா?

அக்கலையை முறைப்படுத்தி வழங்கிய முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி, ஏறக்குறைய கி.பி. 780-இல் பிறந்தார். கலீஃபா மஃமூனின் ஆட்சியில் (813–833) பக்தாதின் பைத்துல் ஹிக்மா என்னும் அறிவு மனையில் பணியாற்றினார். கலீஃபாவின் ஊக்கத்தால் அல்-ஜப்ர் வல்-முகாபலா பற்றிய நூலை யாத்தார். வாரிசுப் பங்கீடு, வணிகம், நில அளவை ஆகியவற்றில் மக்களுக்கு உதவுவதே அதன் நோக்கம். நூலின் ஏறத்தாழப் பாதி, மரண சாசனம், வாரிசுரிமை பற்றிய கணக்குகளே. கணக்குப் பிழைத்தால் அநாதையின் பங்கன்றோ குறைந்துவிடும்!

அவர் விதியைக் கூறியதோடு நில்லாமல், படம் வரைந்தும் நிறுவினார். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் பத்து மடங்கைக் கூட்டினால் 39, அவ்வெண் யாது? அவ்வெண்ணைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம் வரையுங்கள். பத்தை இரண்டாகப் பகிர்ந்து, அடுத்தடுத்த இரு பக்கங்களிலும் 5 அகலமுள்ள செவ்வகங்களைச் சேருங்கள். இவற்றின் மொத்தப் பரப்பு 39. மூலையில் 25 பரப்புள்ள சிறு சதுரம் குறைகிறது. அதனை நிரப்பினால் 64. பெரிய சதுரத்தின் பக்கம் 8. ஐந்தைக் கழிக்க, விடை 3.

அப்பெருமகனார் ஏறக்குறைய 850-இல் மறைந்தார். 1145-இல் அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவை அடைந்தது.

பெற்றோரே! இன்றிரவு பிள்ளையை அருகில் அமர்த்தி, தாளும் அளவுகோலும் தந்து அச்சதுரத்தை வரையச் செய்யுங்கள். காரணம் கண்ணுக்குத் தெரிந்தால் அச்சம் அகலும். நாளை பாகம் பிரிக்கும்போது அப்பிள்ளையின் கை நேர்மை தவறாது.