பெயரை இழந்த தொழில் மேதை

செவர்லே என்னும் மோட்டார் காரின் பெயரைக் கேட்டிராதவர் நம்மில் இலர். அது ஒரு மனிதருடைய பெயர் என்பதையும், அம்மனிதர் தம் பெயர் தாங்கிய தொழிற்சாலையிலேயே பிற்காலத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்க நேர்ந்ததென்பதையும் அறிந்தவர் சிலரே. அவருடைய வரலாற்றில் உழைப்பாளிகள் அனைவரும் சிந்திக்க வேண்டிய விஷயம் ஒன்று இருப்பதாக நாம் கருதுகிறோம்.

லூயி செவர்லே 1878-ம் வருஷம் டிஸம்பர் 25-ந் தேதி ஸ்விட்ஜர்லாந்தில் பிறந்தார். தந்தை கடிகாரத் தொழிலாளி. குடும்பம் பிரான்ஸில் குடியேறியபின் பையன் சைக்கிள் கடையில் தொழில் பழகி, சைக்கிள் பந்தயங்களிலும் ஓடினார். 1900-ல் கனடாவுக்குக் கப்பலேறி, பின்னர் நியூயார்க் சேர்ந்தார். 1905-ல் அந்நகரின் மாரிஸ் பார்க் பந்தயத்தில் ஃபியட் காரில் ஒரு மைலை 52.8 விநாடியில் கடந்து, ஒரே நாளில் கீர்த்தி பெற்றார்.

அக்கீர்த்தியின் விலையை நன்கு உணர்ந்தவர் வில்லியம் டியூரண்ட் என்னும் முதலாளி. தாம் நிறுவிய ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்தாபனத்தின் நிர்வாகத்திலிருந்து 1910-ல் வெளியேற்றப்பட்ட அவர், மறுவருஷம் நவம்பர் 3-ந் தேதி டெட்ராய்ட் நகரில் செவர்லே கம்பெனியைத் தொடங்கினார். பணமும் வியாபாரத் திறமையும் டியூரண்டுடையவை. கைத்திறனும் பெயரும் லூயியுடையவை. லூயி அமைத்த முதற் கார் ஆறு சிலிண்டர் கொண்ட உயர்தரமான வண்டி; விலை 2,150 டாலர். அக்காலத்தில் ஃபோர்டு கார் அதில் மூன்றிலொரு பங்குக்கும் குறைந்த விலையில் கிடைத்தது. மலிவான வண்டியே வேண்டுமென்றார் டியூரண்ட், லூயி இசையவில்லை. 1913-ல் மனம் கசந்து விலகித் தம் பங்குகளையும் கொடுத்துவிட்டார். பெயர் கம்பெனியிடமே நின்றது. அந்தக் கம்பெனியின் பலத்தைக் கொண்டே 1916-ல் டியூரண்ட் ஜெனரல் மோட்டார்ஸைத் திரும்பக் கைப்பற்றினார்.

இனித் தாம் செய்யும் காருக்குத் தம் பெயரைச் சூட்டும் உரிமை லூயிக்கு இல்லை. 1914-ல் சகோதரர்கள் ஆர்தர், காஸ்தோன் இருவருடன் புதிதாகத் தொடங்கிய ஸ்தாபனத்துக்கு, பழைய பிரெஞ்சுக் கனடாவை ஆண்ட கவர்னர் ஒருவரின் பெயரை இட்டு, ஃபிரான்டினாக் என்றழைத்தார். பந்தயத்துக்கென்றே அமைந்த அவ்வண்டிகள் மிகச் சிலவே. அவற்றில்தான் லூயியின் முழுத் திறமையையும் காண்கிறோம்.

இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில், யுத்தத்தால் நின்ற இரு வருஷங்கள் நீங்கலாக, 1913 முதல் 1919 வரை ஐரோப்பிய கார்களே வென்று வந்தன. 1920-ல் இஞ்சின் அளவு 183 கன அங்குலத்துக்கு மேற்படலாகாதென விதி மாறிற்று. லூயி நான்கு சிலிண்டர் இஞ்சின் ஒன்றை அமைத்து, ஏழு கார்களைக் கட்டினார். சில மன்ரோ என்ற பெயரிலும், சில ஃபிரான்டினாக் என்ற பெயரிலும் ஓடின. முன்னணியில் இருந்த பிரெஞ்சுக் கார் கடைசிச் சுற்றுகளில் தடைப்பட, காஸ்தோன் மணிக்கு 88 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் வென்றார். அமெரிக்கக் கார் ஒன்று அங்கே வென்றது 1912-க்குப் பின் அதுவே முதல் தடவை. அதே வருஷம் நவம்பர் 25-ல் காஸ்தோன் கலிபோர்னியாவில் பலகை பதித்த பந்தயப் பாதையில் விபத்துக்குள்ளாகி மாண்டார். 1921-ல் எட்டு சிலிண்டர் ஃபிரான்டினாக்கில் டாமி மில்டன் மீண்டும் வெற்றி கண்டார்.

ஆயினும் பந்தய வெற்றி பெட்டியை நிரப்பவில்லை. சகோதரர்கள் ஃபோர்டு காரின் இஞ்சினுக்குப் புதிய சிலிண்டர் ஹெட்டுகள் செய்து விற்றனர். அதைப் பொருத்திய ஃபோர்டு ஒன்று 1923-ல் இண்டியானாபொலிஸில் ஐந்தாவதாக வந்தது. செவர்லே என்ற பெயர் பொறித்த வண்டிகளுக்குப் போட்டியான காரை விரைவுபடுத்தியே செவர்லே சகோதரர்கள் பிழைத்தனர்! பின்பு தொடங்கிய விமான இஞ்சின் தொழிலும் நிலைக்கவில்லை. 1930-களில் லூயி டெட்ராய்ட் செவர்லே தொழிற்சாலையில் மெக்கானிக்காக வேலை பார்த்தார். நோயுற்று, 1941-ம் வருஷம் ஜூன் 6-ந் தேதி காலமானார்.

டியூரண்டைக் கள்வரென்று நாம் கூறமாட்டோம். அவரும் 1936-ல் இன்ஸால்வெண்டாகி, சொத்திழந்தே 1947-ல் மறைந்தார். குற்றம் எங்கே? பெயர் உடலோடு ஒட்டியதென நாம் நினைக்கிறோம். சட்டமோ அதை நிலம், வீடு போன்ற சொத்தாகவே மதிக்கிறது. கோபத்தில் கையெழுத்திட்டு, ஆயுள் முழுதும் வருந்தியவர்களை வக்கீல் தொழிலில் நாம் நிரம்பக் கண்டிருக்கிறோம். லூயி கொள்கைக்காக விலகியது பெருமைக்குரியதே. பெயருக்கு ஒரு நிபந்தனை எழுதிக்கொள்ளாமல் விலகியதே பிழை. கைத்திறனை நம்பி வாழ்வோர், தம் திறனில் வைக்கும் கவனத்தில் கால் பங்கையேனும் தாம் ஒப்பமிடும் பத்திரத்திலும் வைப்பார்களாக.