வீடு தேடி வந்த குருவானவர்

புனித யோசே வாஸ் அடிகளாரின் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மெலிந்த முகம், தாடி, கையில் பாடுபட்ட சுரூபம். ஊரில் எத்தனையோ வீடுகளில் திருக்குடும்பப் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் படமும் தொங்கும். படம் தெரியும், பெயர் தெரியும். ஆனால் அவர் என்ன செய்தார் என்று பிள்ளைகள் கேட்டால், கண்டியில் மழை பெய்ய மன்றாடியவர் என்று சொல்லிவிட்டு நாங்கள் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

இந்த ஆண்டு விழா மலருக்குப் பிள்ளைகளுக்கும் விளங்கும்படி ஒரு புனிதரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் இறையியல் படித்தவள் அல்ல. யேர்மனியில் பயிற்சி பெற்று இங்கேயே வேலை செய்யும் ஒரு தாதி. ஆகவே அவருடைய வாழ்க்கையில் நோயும் பராமரிப்பும் வரும் இடங்களில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யோசே வாஸ் 1651ஆம் ஆண்டு சித்திரை 21இல் கோவாவில் பெனோலிம் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் பேசிய மொழி கொங்கணி. கல்வியில் போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும். பரம்பரையாகப் பிராமணக் குடும்பம், அப்போது கிறிஸ்தவக் குடும்பம். 1676இல் குருவானார். சில ஆண்டுகள் மங்களூர்ப் பக்கத்தில் பணி செய்து திரும்பி, கோவாவைச் சேர்ந்த குருக்கள் சிலர் கூடி வாழ்ந்த ஒரு சபைக்குத் தலைவரானார். பேரும் மதிப்பும் உள்ள இடம் அது. அங்கேயே இருந்திருந்தால் அமைதியாக வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் இலங்கையைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்கு அந்த நினைவாகவே இருந்தது.

அப்போது எங்கள் தீவில் என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் எல்லோரும் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார்கள். ஒரு குருவானவரை வீட்டில் மறைத்து வைத்தால் மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கோவில்கள் ஒல்லாந்தருடைய சீர்திருத்தச் சபையின் கைக்குப் போயின. அவற்றோடு பள்ளிக்கூடங்களும் நடந்தன. பிள்ளைகள் அங்கே போயே ஆகவேண்டும். பகலில் பள்ளிக்கூடத்தில் ஒரு செபம், இரவில் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு செபம். (பழைய பகையை மூட்ட இதை எழுதவில்லை. இங்கிருந்து காரில் ஏறினால் ஒரு மணித்தியாலம் அளவில் ஒல்லாந்து எல்லை வந்துவிடும். அங்கே எங்களில் பலருக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்கள். சீர்திருத்தச் சபைப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். அந்தக் காலம் வேறு.)

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 1658இல் பிறந்த ஒரு குழந்தைக்கு, வாஸ் அடிகளார் வந்து சேர்ந்த 1687இல் 29 வயது. அந்தக் குழந்தை வளர்ந்து, மணம் முடித்து, பிள்ளைகளும் பெற்றிருக்கும். ஆனால் பூசை கண்டிருக்காது. பாவசங்கீர்த்தனம் செய்திருக்காது. ஒரு குருவானவரின் முகத்தைக்கூடப் பார்த்திருக்காது. அப்படிப்பட்ட இளம் பெற்றோரும் அவர்களுடைய பிள்ளைகளுமே அவர் வந்து கண்ட மந்தையில் பெரும் பகுதி. வயதானவர்களுக்கு நினைவாவது இருந்தது. இளையவர்களுக்கு அம்மம்மா சொல்லிக் கொடுத்த சில செபங்களும், பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்த ஒரு செபமாலையும்தான் இருந்தன.

அடிகளார் கோவாவிலிருந்து புறப்பட்டது 1686இல். யோவான் என்ற பணியாளும் கூடவே வந்தார். தென்னிந்தியக் கரையோரமாக வந்து, தூத்துக்குடியில் தோணி ஏறி, கடலில் அலைக்கழிந்து மன்னாரைத் தொட்டு யாழ்ப்பாணம் வந்தார்கள். அங்கியைக் கழற்றிவிட்டுக் கூலியாளைப்போலக் கந்தை உடுத்தியிருந்தார். ஐரோப்பியக் குரு ஒருவர் அப்படி ஒளிந்து நுழைந்திருக்க முடியாது. எங்களைப் போன்ற நிறமும் தோற்றமும் இருந்தது அவருக்கு உதவியது.

வந்த கையோடு கடும் வயிற்றுளைவு பிடித்தது. இரத்தக் கழிச்சல் என்று ஊரில் சொல்லுவோமே, அது. அதில் ஆளைக் கொல்லுவது பெரும்பாலும் உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றிப் போவதுதான். வீதியோரத்தில் கிடந்த அவருக்கு ஏழைப் பெண்கள் சிலர் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களுக்கு இவர் யாரென்று தெரியாது. கஞ்சித் தண்ணீர் அந்த நேரத்தில் கொடுக்கக்கூடிய நல்ல மருந்துகளில் ஒன்று என்பதை ஒரு தாதியாக நான் சொல்லலாம். இலங்கையில் கத்தோலிக்க மறையை மீண்டும் கட்டி எழுப்பிய மனிதரை உயிரோடு காப்பாற்றியது பெயர் தெரியாத அந்தப் பெண்களின் கஞ்சிதான்.

எழுந்து நடக்க முடிந்ததும் கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்கத் தொடங்கினார். அதைப் பார்த்து யாருடைய முகம் மாறுகிறது என்று கவனித்தார். எங்கே கத்தோலிக்கர் இருக்கிறார்கள் என்பதை அறிய அவருக்கு இருந்த வழி அது ஒன்றுதான். அப்படித்தான் முதல் குடும்பம் கிடைத்தது. பிறகு சில்லாலைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்து இரவில் வீடு வீடாகப் போனார். யாரோ ஒருவருடைய வீட்டில் விளக்கை மறைத்து வைத்துப் பூசை. பூசைக்கு முன்னும் பின்னும் படிப்பினை. தாயும் தகப்பனும் பிள்ளையும் பாட்டியும் ஒரே பாயில் இருந்து கேட்பார்கள். விடியுமுன் அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஒரு நத்தார் இரவு கூடியிருந்த மக்களை ஒல்லாந்தர் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள். அடிகளார் தப்பினார், மக்களுக்குச் சிறையும் சவுக்கடியும் கிடைத்தன. அடிபட்டவர்கள் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் பெற்றோராகிய உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் முதல் நன்மைக்கும் உறுதிபூசுதலுக்கும் யேர்மன் பங்கில், யேர்மன் மொழியில் ஆயத்தம் செய்கிறார்கள். பிறகு தமிழில் மறைக்கல்வி என்று நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வரிசையில் இருத்தி, அவர்களுக்குப் பாதி விளங்காத தமிழில் செபங்களை மனப்பாடம் செய்யச் சொல்லுகிறோம். பத்து வயதுவரை சொல்வார்கள். பதினாறு வயதில் வருவதில்லை. இருபத்தைந்து வயதில் கலியாணத்துக்கு மட்டும் கோவில் தேடுகிறார்கள். பிள்ளைகளுக்கு விசுவாசம் இல்லை என்று பேசிக்கொள்கிறோம். வாஸ் அடிகளார் தம்முடைய கொங்கணியையும் போர்த்துக்கேய மொழியையும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவர் தமிழ் படித்தார். பிறகு சிங்களமும் படித்தார். இரண்டு மொழியிலும் செபங்களையும் சிறு மறைக்கல்விப் பாடங்களையும் ஆயத்தம் செய்தார். எங்கள் பிள்ளைகளுடைய மொழி இப்போது பாதி டொச். அதை நாங்கள் படிக்க வேண்டியிருக்கிறது என்பதே என் எண்ணம். தமிழ் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் வீட்டில் செபமாலை தமிழில்தான். ஆனால் அதன் பொருளைப் பிள்ளை எந்த மொழியில் கேட்கிறதோ அந்த மொழியில் சொல்லுகிறேன்.

அடிகளாரின் வழியில் இன்னொன்றும் உண்டு. ஒரு தீவுக்கு ஒரு குருவானவர். ஓர் ஊருக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை வந்தாலே பெரிது. ஆகவே ஊர் ஊராக ஆட்களை நியமித்தார். மூப்பர் சிற்றாலயத்தைப் பார்த்துக்கொள்வார். அண்ணாவியார் ஞாயிற்றுக்கிழமை செபத்தை நடத்துவார், பிள்ளைகளுக்குப் படிப்பிப்பார், அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுப்பார், சாகக் கிடப்பவருக்குப் பக்கத்தில் இருந்து செபம் சொல்லுவார். இவர்கள் மணம் முடித்தவர்கள், வயல் வேலையும் கடல் தொழிலும் செய்தவர்கள். குருவானவர் வராத மாதங்களில் மறையைத் தாங்கியது இவர்கள்தான்.

எங்கள் மறைமாவட்டமான எசனில் கோவில்கள் ஒவ்வொன்றாக மூடப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஊக்கெண்டோர்வில் உள்ள திருச்சிலுவைக் கோவில் 2007இல் மூடப்பட்டது. இன்று அங்கே இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அதைக் கடந்து போகும்போது எனக்குக் கவலைதான். ஆனாலும் நினைத்துப் பாருங்கள்: நிலக்கரிச் சுரங்கக் காலத்தில் கெல்சென்கிர்ச்சன் கத்தோலிக்கருக்கு இருந்த கோவில்களில் ஒன்றுகூட யாழ்ப்பாணத்து அந்த 29 ஆண்டுகளில் எங்கள் முன்னோருக்கு இல்லை. மடு மாதாவின் சுரூபத்தை 1670 அளவில் மாந்தையிலிருந்து காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனதும் ஓடித் தப்பிய சில குடும்பங்கள்தான் என்பது எங்கள் வழிவழிச் செய்தி. ஒவ்வோர் ஆகஸ்டிலும் கேவலார் மாதாவிடம் திரண்டு போகும்போது, பின் இருக்கையில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அங்கே போய்ச் சேர ஒரு மணித்தியாலம் பிடிக்கும். கதைக்கு அது போதும்.

யாழ்ப்பாணத்தில் தேடுதல் கூடியதும் அடிகளார் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குப் போனார். 1692இல் கண்டிக்கு அருகே அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று பிடித்துச் சிறையில் வைத்தார்கள். சிறையில் இருந்துகொண்டே சிங்களம் படித்தார். காவல் கொஞ்சம் தளர்ந்ததும் முற்றத்தில் ஒரு கொட்டில் போட்டுப் பலிபீடம் அமைத்தார். நகரத்துக் கிறிஸ்தவர்கள் இரவில் மெல்ல மெல்ல வரத் தொடங்கினார்கள். மழைக் கதை இந்தக் காலத்ததுதான். பெரும் வரட்சி வந்தபோது அவர் திறந்த வெளியில் பலிபீடம் வைத்து மன்றாட, மழை கொட்டியது என்றும், அவரும் பலிபீடமும் நனையவில்லை என்றும் சொல்லப்படுகிறது. பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும். எனக்குப் பிடித்தது அதற்குப் பின் வருவது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. வைசூரி என்றும் சொல்லுவார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்த நோய் எப்படி இருக்கும் என்றே தெரியாது. 1980இல் அது உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. கடும் காய்ச்சலில் தொடங்கும். பிறகு முகம், கை, கால், வாய்க்குள், தொண்டைக்குள் என்று கொப்புளங்கள் வரும். தண்ணீர்கூட விழுங்க முடியாது. கொப்புளம் உடைந்து சீழ் வடியும், உடுப்பு உடம்போடு ஒட்டும். நோயாளியைப் பாயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்புவதே வேதனை. பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் போய்விடும். எட்வர்ட் ஜென்னர் தடுப்பூசிக்கு வழி கண்டது 1796இல், அதாவது இன்னும் நூறாண்டு கழித்து. அரசர் நகரத்தைவிட்டுப் போனார், பிரபுக்கள் போனார்கள். வீட்டாரே நோயாளிகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயம் என்பது என்னவென்று 2020இல் நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அடிகளாரும் அவருடைய மருமகனான யோசே கார்வாலியோ அடிகளாரும் ஓடவில்லை. காடுகளில் தேடிப் போய்க் குடிசை போட்டுக் கொடுத்தார்கள். வெறுமையாய்க் கிடந்த வீடுகளில் நோயாளிகளைச் சேர்த்தார்கள். கழுவினார்கள், உணவு ஊட்டினார்கள், இறந்தவர்களைத் தாங்களே புதைத்தார்கள். பௌத்தர், சைவர், கிறிஸ்தவர் என்று பார்க்கவில்லை, சாதியும் பார்க்கவில்லை. பிராமண வீட்டில் பிறந்தவர் யாருடைய சீழையும் துடைத்தார் என்பது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய செய்தி என்பதை எங்கள் வயதானவர்களிடம் கேளுங்கள். தொற்று நோயாளியின் அறைக்குள் போகும்போது எனக்குக் கையுறை இருக்கிறது, முகக்கவசம் இருக்கிறது, வேலை முடிந்து போகச் சுடுதண்ணீர் இருக்கிறது. அவர்களுக்கு அவை ஒன்றும் இல்லை. மாதக்கணக்காக அதைச் செய்தார்கள். அரசர் இரண்டாம் விமலதர்மசூரியன் திரும்பி வந்தபோது இதை அறிந்தார். அதன்பின் கண்டி இராச்சியத்தில் அவர் தடையின்றிப் போதிக்க முடிந்தது. நூறு மறையுரைகள் செய்திருந்தாலும் அந்த வாசல் திறந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

கோவாவிலிருந்து வேறு குருக்களும் வரத் தொடங்கினார்கள். 1705இல் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் வந்தார். அவரும் வந்தவுடன் மொழிகளில் இறங்கினார். தமிழிலும் சிங்களத்திலும் நூல் நூலாக எழுதினார். மக்களுக்கு எந்த வடிவம் பழக்கமோ அந்த வடிவத்தில் எழுதினார். ஒப்பாரி தெரிந்த மக்களுக்குக் கிறிஸ்துவின் பாடுகளை ஓசையோடு வாசிக்கும் பிரசங்கமாக்கிக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரும் கேட்டுக் கேட்டே அதைப் பாடமாக்கினார்கள்.

வாஸ் அடிகளார் 24 ஆண்டுகள் இலங்கையிலேயே இருந்தார். கோவாவுக்குத் திரும்பிப் போகவே இல்லை. கடைசிக் காலத்தில் நடக்க முடியாத அளவுக்கு நோய். 1711 தை 16இல் கண்டியில் இறந்தார். வயது 59. 1995இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 தை 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத் திடலில் புனிதராக அறிவித்துவிட்டு, அன்றே மடுவுக்கும் போனார். உங்களில் சிலர் இரவு வேலை முடித்து வந்து நித்திரை கொள்ளாமல் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள்.

அவரை அடக்கம் செய்த கண்டிக் கோவில் பிற்காலக் கலகத்தில் அழிந்துபோனது. கல்லறை எங்கே என்று இன்று யாராலும் காட்ட முடியாது. கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம் மட்டும் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் தவக்காலத்தில் இன்னும் வாசிக்கப்படுகிறது. எங்கள் மண்டபத்திலும் பெரிய வெள்ளிக்கு முதல் வாரம் அதை வாசிக்கிறோம். வருகிற ஆண்டு ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் அதன் சுருக்கத்தை யேர்மன் மொழியில் சொல்லுவதற்கு இளையோர் இருவர் முன்வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு வயது 19, மற்றவருக்கு 22.