பிடி அரிசிப் பள்ளியில் படித்த பெருந்தலைவர்

கல்விக் கண் திறந்தவர் எனத் தமிழகம் போற்றும் பெருந்தலைவர் காமராசர் 1903-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள், இன்று விருதுநகர் என வழங்கும் விருதுபட்டியில் குமாரசாமி, சிவகாமி அம்மையார் தம்பதியரின் மகனாகப் பிறந்தார். அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை ஊராரின் பிடி அரிசியால் வளர்ந்த பள்ளி. உலை வைக்கும் வேளையில் தாய்மார் ஒரு பிடியை எடுத்து வைப்பர்; அது திரண்டு ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும். ஆயினும் ஆறு வயதில் தந்தையை இழந்த சிறுவன், ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தாய்மாமனின் துணிக்கடையில் அமர நேர்ந்தது.

பள்ளி நின்றதே தவிர, கற்கும் ஆவல் நிற்கவில்லை. கடையில் இருந்தபடியே நாளிதழ்களை விடாது படித்தார். விடுதலைப் போரில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன. அங்கே நூல்களைத் தேடிப் படித்து, ஆங்கிலமும் பழகிக்கொண்டார். வளர்ந்த பிறகும் கற்கலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1954 ஏப்ரல் 13-இல் முதலமைச்சரானார். முந்திய ஆண்டு வந்த அரை நேரப் படிப்புத் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளியில்லாத சிற்றூர்களில் பள்ளிகள் எழுந்தன. ஆனால் பசித்த பிள்ளை பள்ளிக்கு வராதே! 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் மக்களின் நன்கொடையைக் கொண்டே தொடங்கிற்று. 1957 நவம்பரிலிருந்து அரசும் பங்கேற்றது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்குப் பத்துக் காசு. அதில் ஆறு காசு அரசு தரும், நான்கு காசு ஊரார் தருவர்.

அடுத்து நிகழ்ந்தது நம் வட்டாரத்திற்கே பெருமை. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் முதலாவது, 1958-இல் கடம்பத்தூரில் கூடிற்று. அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த அவ்வூர் இன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. பள்ளிக்கு என்னென்ன குறை என்று முதலில் பட்டியல் எழுதுவர். பிறகு ஊரைக் கூட்டிப் பகிர்ந்துகொள்வர். ஒருவர் நிலம் தருவார். மற்றொருவர் பலகையோ கரும்பலகையோ தருவார். இல்லாதவர் தம் உழைப்பைத் தருவார். இம்முறை மாநிலமெங்கும் பரவிக் கோடிக்கணக்கான ரூபாய் பெறுமான உதவி பள்ளிகளுக்குச் சேர்ந்தது. பிள்ளைப் பருவத்தில் அவர் கண்ட பிடி அரிசி நாடு முழுதும் பெருகியதாகவே நாம் இதனைக் காண்கிறோம்.

1963-இல் கட்சிப் பணிக்காகத் தாமே பதவி துறந்த பெருந்தலைவர், 1975 அக்டோபர் 2-இல் மறைந்தார். இன்று பள்ளி உணவின் செலவை அரசே ஏற்கிறது. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. ஊராரின் நான்கு காசுக்கு இனி வேலையில்லை என்று நாம் இருந்துவிடலாமா?

நம் பட்டியலை நாமே எழுதிப் பார்ப்போம். ஒடிசாவிலிருந்து வந்து சூளைகளில் செங்கல் அறுக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் பருவந்தோறும் ஊர் மாறுகிறார்கள். தமிழெழுத்து அவர்களுக்குப் புதிது. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கு வேலை தேடி வருவோரிலும், நம்மிடையேயும், இன்னும் கைநாட்டு வைப்போர் இருக்கிறார்கள். இவர்களுக்குக் கற்பிக்கப் பெரும்பணம் வேண்டாம். பங்கு மக்களே, படித்தவர் உள்ள ஒவ்வொரு வீடும் வாரம் ஒரு மாலையில் ஒரு மணி நேரத்தை எடுத்து வைத்தால் போதும். விழாப் பந்தலைப் பிரித்த மறு வாரமே தொடங்குவோம்; அதுவே நம் பிடி அரிசி.