உவமையும் உருவகமும் ஆய்ந்த இமாம் அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானீ

'போல' என்னும் சொல் இருப்பின் உவமை, இல்லையேல் உருவகம். மாணவர் இவ்வாறே எழுதுகின்றனர். நாமும் மதிப்பெண் வழங்கிவிடுகிறோம். ஆனால் 'மதிமுகம்' என்பதில் 'போல' இல்லை, அது உவமைத்தொகை. 'முகமதி' என்பதே உருவகம். எனவே வேறுபாடு ஓர் உருபில் அடங்கிவிடுவதன்று. பின் அது எதில் அடங்கியுள்ளது? இவ்வினாவிற்கு அரபு மொழியில் ஆழ்ந்த விடை கண்ட பெருமகனார் இமாம் அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானீ ஆவார்.

காஸ்பியன் கடலுக்குத் தென்கிழக்கே, இன்றைய ஈரான் நாட்டில் அமைந்த பழம்பெரும் நகரம் ஜுர்ஜான். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இமாம் அவர்கள் அங்குப் பிறந்தார்கள். மரபால் பாரசீகர், புலமையால் அரபு இலக்கணத்தின் தலைவர். கல்வி தேடி நாடு நாடாய்ப் பயணம் செய்வது அக்கால அறிஞர்தம் வழக்கம். இமாம் அவர்களோ தம் ஊரை விட்டு அகலவில்லை என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர். இலக்கணப் பேரறிஞர் அபூ அலீ அல்-ஃபாரிஸீயின் சகோதரி மகனார் அபுல் ஹுஸைன் அவர்களே ஜுர்ஜானில் இமாமுக்கு ஆசிரியராய் வாய்த்தார்கள். பின்னாளில் மாணவர் இமாமைத் தேடி அவ்வூருக்கு வந்தனர்.

அபூ அலீயின் இலக்கண நூலுக்கு இமாம் அவர்கள் ஏறத்தாழ 30 தொகுதிகளில் பேருரை வரைந்து, பின்னர் அதனைச் சுருக்கியும் தந்தார்கள். 100 இலக்கணக் கூறுகளைத் தொகுத்துரைக்கும் அவர்களது சிறுநூல் தென்னாசிய மதரசாக்களில் பாடமாக விளங்கி வந்துள்ளது. எனினும் அவர்களது புகழை நிலைநிறுத்தியவை 'அஸ்ராருல் பலாகா', 'தலாயிலுல் இஃஜாஸ்' என்னும் இரு நூல்களேயாம்.

ஒரு வீரனைச் சிங்கம் போன்றவன் என்பது உவமை. இதில் ஐயமில்லை. அவன் சிங்கம் என்பதோ? அதுவும் உவமையின் பாற்பட்டதே என்பது இமாமின் துணிபு. வீரன், சிங்கம் ஆகிய இரண்டும் அங்கே தனித்தனியே நிற்கின்றன அல்லவா? வீரனைப் பெயர் சுட்டாது, ஒரு சிங்கத்தைக் கண்டேன் என்று மட்டும் சொல்லும்போதே 'இஸ்திஆரா' பிறக்கிறது. இரவல் பெறுதல் என்பது இச்சொல்லின் பொருள்.

இதனைத் தமிழோடு பொருத்திப் பார்ப்போம். உவமவியல் என ஓர் இயல் வகுத்த தொல்காப்பியர் உருவகத்தைத் தனியே பெயரிட்டுக் கூறவில்லை. தண்டியலங்காரம் அதனைத் தனி அணியாக்கியது. நாம் உருவகம் என்னும் 'முகமதி'யில் முகமும் உண்டு, மதியும் உண்டு. இமாமின் நெறிப்படி அது உவமையைச் சாரும். 'காளை வந்தான்' என்னும் உவமையாகுபெயரே இஸ்திஆராவுக்கு நெருங்கியது. வந்தது விலங்கன்று என்பதை 'வந்தான்' என்னும் ஆண்பால் விகுதியே காட்டிவிடுகிறது. அத்தகைய குறிப்பின்றி இரவற்பெயர் விளங்காது.

இரவல் என்பதால் பெயர் மட்டும் இடம் மாறிற்று என்று கொள்ளலாகாது என்றும் இமாம் தெளிவுறுத்தினார்கள். உவமை, இரு பொருளை அருகருகே நிறுத்தி ஒப்புமை காட்டுகிறது. இஸ்திஆராவோ, இவன் அவ்வினத்தைச் சேர்ந்தவனே என்று உரிமை கொண்டாடுகிறது. வேறுபாடு சொல்லின் உருவில் மட்டுமன்று. சொல்வோன் கொள்ளும் துணிவிலும் உள்ளது.

இது புலவர்க்கு மட்டும் உரிய செய்தியா? இல்லை. அல்லாஹ் ஒப்புவமை அற்றவன். அவனைப் பற்றி அணிநயம்படக் கூறப்பட்ட சொற்களை நேர்ப்பொருளில் மட்டும் கொள்வோர், இறைவனுக்கு உடலும் இடமும் கற்பிக்கும் பிழையில் வீழ்வர். மறுபுறம், நேர்ப்பொருள் தெளிவாக உள்ள இடத்திலும் மறைபொருள் தேடுவோர், வேதத்தைத் தம் விருப்பிற்கு வளைப்பர். இவ்விரு தீங்கினின்றும் காக்க அணியறிவு இன்றியமையாதது என்பது இமாமின் கருத்து. வகுப்பறையில் நாம் இரண்டு மதிப்பெண் வினாவாகக் கடந்து செல்லும் செய்தி, அவர்களுக்கு ஈமானைக் காக்கும் அரணாக விளங்கிற்று.

இமாம் அவர்கள் 1078ஆம் ஆண்டில் (ஹிஜ்ரி 471) மறைந்தார்கள் என்பர். ஸமக்ஷரீ அவர்கள் தம் குர்ஆன் விரிவுரையில் இமாமின் நெறியைக் கையாண்டார்கள். ஸக்காக்கீ அதனை இலக்கணமாக வகைப்படுத்தினார்கள். பிற்காலத்தார் வகைப்பாட்டை மனனம் செய்து, மூலநூல்களை மறந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முஹம்மத் அப்துஹு அவர்கள் அந்நூல்களை அல்-அஸ்ஹரில் பாடம் நடத்தினார்கள். அவை அச்சேறிப் புத்துயிர் பெற்றன.

வரையறையை மனனம் செய்வது எளிது. வேறுபாட்டை உணர்வதே கல்வி. பிறந்த ஊரிலேயே அமர்ந்து பிறமொழி ஒன்றின் உள்ளத்தைக் கண்ட இமாமின் வாழ்வு, அரபும் தமிழும் ஒருங்கே பயிலும் நம் மாணவர்க்கு நல்லதொரு வழிகாட்டி. அவ்விரு மொழியின் அணியிலக்கணங்களையும் ஒப்பிட்டு ஆராய அவர்களுள் சிலரேனும் முன்வருவார்களாக!